ஏக்கர்க் கணக்கில் வராத பிள்ளைகள்

மீள்குடியேற்றம் பற்றி எங்கட பேப்பருகளில் வாற செய்தி எல்லாம் ஒரே அச்சில்தான் வருகுது. இத்தனை ஏக்கர் விடுவிப்பு. இத்தனை குடும்பங்கள் மீள்குடியமர்வு. இத்தனை வீடுகள் கையளிப்பு. பக்கத்தில் ஒரு படம்: அமைச்சர், கட்டளைத் தளபதி, அரச அதிபர், முன்னுக்கு மாலையோடு நிற்கிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தப் பிள்ளை படத்தில் இருக்குது, கணக்கில் இல்லை.

நான் சொல்ல வாறது ஒரு விசயம்தான். இந்த நாட்டில் மீள்குடியேற்றம் என்பது காணிக்கும் குடும்பத் தலைவருக்கும் இடையில் நடக்கிற ஒரு கொடுக்கல் வாங்கல். அதில் பிள்ளைக்கு என்று ஒரு பங்கு இல்லை. இடம்பெயர்வில் பிறந்த பிள்ளை, முகாமில் வளர்ந்த பிள்ளை, மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் பிறந்து இங்கே 'திரும்பி' வந்த பிள்ளை, இவர்கள் தங்கட பெயரில் அரசிடம் எதையும் கேட்க முடியாது. இவர்களுக்கு வரவேண்டிய உதவி எல்லாம் தகப்பனின் உறுதிக்குள்ளும் தாயின் பங்கீட்டு அட்டைக்குள்ளும் அடங்கி நிற்குது. உறுதி இல்லையெண்டால் பிள்ளையும் இல்லை.

அரசுக்குப் பிள்ளைகளை எண்ணத் தெரியாதா? நல்லாத் தெரியும். 2009இல் போர் முடிந்த கையோடு, சரணடைந்தவர்களில் சிறுவர் போராளிகள் எத்தனை பேர் என்று அது ஒற்றை இலக்கம் பிசகாமல் சொன்னது: 594. அவர்களுக்குத் தனி நிலையம், தனிக் கோவை, தனி விதிமுறை. ஒரு பகுதியினரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் விட்டுப் படிப்பித்து, உலகத்துக்குப் படமும் காட்டினார்கள். அது பிழை என்று நான் சொல்லவில்லை. துவக்குத் தூக்கின பிள்ளையை ஒவ்வொன்றாக எண்ணத் தெரிந்த அரசுக்கு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு முகாம் அலைந்த பிள்ளையை எண்ணத் தோன்றவில்லை. பயம் இருந்தால் எண்ணுவார்கள். கடமை மட்டும் என்றால் எண்ணமாட்டார்கள்.

வலிகாமம் வடக்கை எடுங்கோ. 1990 ஜூன் நடுப்பகுதியில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. அந்த மாதம் முதலாம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை நினைச்சுப் பாருங்கோ. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தன்ர சொந்த வளவுக்குத் திரும்பியது 2016இல். அப்போது அந்தப் பிள்ளைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. நடுவில் கழிந்த பள்ளிக்கூடக் காலம் முழுவதும் இன்னொரு பள்ளிக்கூடத்தின் கொட்டிலில், பின்னேர நேரத்தில், மரத்துக்குக் கீழே போனது. காணியை விடுவிக்கலாம். அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று வருசத்தை எந்த வர்த்தமானி விடுவிக்கும்?

சர்வதேச சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது 1991 யூலையில். வலிகாமம் வடக்கு வெறுமையாகி ஏறக்குறைய ஒரு வருசம் கழித்து. அந்தக் கையொப்பத்துக்கும் கோணப்புலம் முகாமில் பிறந்த பிள்ளைக்கும் இடையில் எந்தச் சம்பந்தமும் ஏற்படவில்லை.

2015 டிசம்பரில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கோணப்புலம் முகாமுக்கே போனார். குடிசைக்குள் போய்ப் பார்த்தார். ஆறு மாதத்துக்குள் எல்லாரையும் குடியேற்றுவோம் என்றார். அப்போது வலிகாமத்தில் முப்பதளவில் நலன்புரி நிலையங்கள் இருந்தன: மல்லாகம் கோணப்புலம், நீதவான், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை என்று. 'நலன்புரி' என்ற பெயரை வைச்சவனைத்தான் தேட வேண்டும். பொதுக் கிணறு, பொது மலசலகூடம், தகரத்துக்கும் ஓலைக்கும் நடுவில் ஒரு அறை. அதற்குள்தான் ஒரு பிள்ளை ஓ.எல். பரீட்சைக்குப் படிக்க வேணும்.

ஆறு மாதம் போனது. அதற்குப் பிறகு வருசங்களும் போனது. 2016இல் கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்று நூறு வீடு கட்டி, இராணுவமே கட்டியது என்று சொல்லிக் கையளித்தார்கள். காணியைப் பிடித்து வைச்சிருக்கிறவனே வீட்டைக் கட்டித் தருகிறான், அதற்குப் பெயர் நல்லிணக்கம். அந்தக் காலத்து அமைச்சின் பெயரையும் ஒருக்கால் வாசியுங்கோ: சிறைச்சாலைகள் மறுசீரமைப்பு, புனர்வாழ்வு, மீள்குடியேற்றம் மற்றும் இந்து சமய அலுவல்கள் அமைச்சு. சிறைக்கும் கோயிலுக்கும் நடுவில் அகதி. இந்தப் பட்டியலில் பள்ளிக்கூடம் எங்கே இருக்குது?

சரி, யார் முகாமில் மிஞ்சினார்கள்? இதைச் சொல்ல எங்கட ஆட்கள் தயங்குவார்கள். காசு இருந்தவர்கள் தொண்ணூறுகளிலேயே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். காணி இருந்தவர்கள் வேறு ஊரில் காணி வாங்கினார்கள், அல்லது விடுவித்தவுடன் திரும்பினார்கள். கடைசிவரை முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் காணியில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். 1990க்கு முன்னமும் அவர்கள் ஆற்றையோ காணியில்தான் குடியிருந்தார்கள். அரசாங்கம் "உங்கட சொந்தக் காணிக்குப் போங்கோ" என்று சொன்னபோது, போக அவர்களுக்குச் சொந்தக் காணி இருக்கவில்லை. இந்திய வீட்டுத்திட்டம் ஐந்தரை இலட்சம் ரூபா தந்தது உண்மை. வீட்டைக் கட்டக் காணி காட்டச் சொன்னதும் உண்மை. ஆகவே உதவி காணியின் வழியால் வரும்போது அது சாதியின் வழியாலும் வருகுது. முகாம் பிள்ளைக்கு மறுக்கப்பட்டதில் பாதியை மறுத்தது கொழும்பு. மீதியை மறுத்தது, "முகாம் பெடியளோட சேராதை" என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்த எங்கட வீடுகள்.

காணி இருந்த குடும்பத்திலும் கணக்கு உதைக்குது. 1990இல் இரண்டு பரப்பில் ஒரு வீடு. நாலு பிள்ளைகள். அந்த நாலும் இன்றைக்கு நாலு குடும்பம். காணி விடுபட்டால் அரசின் கோவையில் 'ஒரு காணி, மீள்குடியேற்றம் பூர்த்தி'. மற்ற மூன்று குடும்பத்தின் பிள்ளைகளும் எந்த ஊர்ப் பிள்ளைகள்? அவர்கள் இடம்பெயர்ந்தவர்களும் இல்லையாம், ஏனெண்டால் அவர்கள் பிறந்ததே இடம்பெயர்ந்த இடத்தில். மீள்குடியேறியவர்களும் இல்லை.

இதே கணக்கால்தான் வடக்கு முஸ்லிம்களின் பிள்ளைகளும் அடிபட்டார்கள். 1990 ஒக்ரோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலக் கெடுவில் துரத்தினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது சோனகதெருவில் இருந்தது 1990இன் காணி. வந்து நின்றது மூன்று தலைமுறை. அதோடு அவர்கள் 'பழைய' அகதிகள், வன்னிச் சனம் 'புதிய' அகதிகள் என்று அரசே ஒரு வரிசை போட்டது. பழைய அகதிக்கு வரிசையில் பின்னிடம். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சில அலுவலகங்களில் எங்கட ஆட்களே "புத்தளத்தில பதிவு இருக்குத்தானே, பிறகு ஏன் இங்கை?" என்று கேட்டார்கள். வலிகாமத்துப் பிள்ளைக்காகக் குரல் கொடுக்கிறவன் சோனகதெருப் பிள்ளைக்காகவும் கொடுக்க வேணும். இல்லையெண்டால் அது பிள்ளைகளுக்கான குரல் இல்லை.

இனி, கடல் கடந்து திரும்பி வந்தவர்களுக்கு வருவோம். 1983 தொடக்கம் அலை அலையாகத் தமிழ்நாட்டுக்குப் போன சனத்தில் இன்னும் ஏறக்குறைய 58,000 பேர் அங்கே முகாம்களில் இருப்பதாகத் தமிழ்நாட்டு அரசு சில வருசத்துக்கு முன்னம் கணக்குச் சொன்னது. 2021இல் ஸ்டாலின் அரசு அதற்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாவுக்குத் திட்டமும் அறிவித்தது. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அங்கே பிறந்த பிள்ளைக்கு அங்கேயும் குடியுரிமை இல்லை. இங்கே?

இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருசத்துக்குள் தூதரகத்தில் பதிய வேணும். பிந்தினால் அனுமதியும் தண்டப்பணமும். 2003 வரைக்கும் தகப்பன் இலங்கையராக இருந்தால்தான் வழமையான வழி. தாய்வழி உரிமை அந்த வருசத் திருத்தத்தோடுதான் வந்தது. ஒரு அகதி முகாமில் இருந்து சென்னையில் உள்ள துணைத் தூதரகத்துக்குப் போக, முகாம் அதிகாரியிடம் அனுமதி எடுக்க வேணும், அன்றைய கூலியை இழக்க வேணும், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழும் விவாகப் பதிவும் காட்ட வேணும். வள்ளத்தில் ஏறும்போது எவன் விவாகப் பதிவை மடியில் கட்டிக்கொண்டு போனவன்? ஆக, நாட்டுக்குத் திரும்பும் குடும்பத்தில் தாயும் தகப்பனும் இலங்கையர். பிள்ளை மட்டும் ஒரு விண்ணப்பம்.

2025 மே மாதம் நடந்ததை மறக்கவேண்டாம். அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டில் இருந்து திரும்பி வந்த முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். குற்றம்: அந்த நாளில் முறையான கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனது. சத்தம் எழும்பினதும், சட்டம் தன்பாட்டில் வேலை செய்துவிட்டது, மாற்றுவோம் என்று அமைச்சர் ஒருவர் விளக்கம் தந்தார். மண்டபத்திலோ திருச்சியிலோ இருந்து அந்தச் செய்தியை வாசித்த ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாளா?

வந்தாலும் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்குது? தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம். இங்கே ஓ.எல்.க்கு ஒன்பது. சமயம் கட்டாயம், வரலாறு கட்டாயம். அங்கே சமயம் ஒரு பாடமே இல்லை. அங்கே படித்த வரலாற்றில் சோழனும் காந்தியும். இங்கே கேட்பது அனுராதபுரமும் டொனமூரும். அதே தமிழ்தான், ஆனால் அங்கே இயற்பியல் இங்கே பௌதிகவியல், அங்கே வேதியியல் இங்கே இரசாயனவியல், அங்கே அறிவியல் இங்கே விஞ்ஞானம். இரண்டாம் மொழிச் சிங்களத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. அங்கே பள்ளிக்கூட வருசம் ஜூனில் தொடங்கும், இங்கே வழமையாக ஜனவரியில். ஆக நடுவில் வந்து குதிக்கிற பிள்ளையை அதிபர் என்ன செய்வார்? ஒரு வகுப்பு, இரண்டு வகுப்பு இறக்கிப் போடுவார். அது ஆளைப் பார்த்துச் செய்கிற வேலை, அமைச்சு போட்ட ஒழுங்கு இல்லை. நான் அறிந்த ஒரு பிள்ளையைத் தனக்கு மூன்று வயது குறைஞ்சவர்களோடு இருத்தினார்கள். இரண்டாம் தவணையோடு அது நின்றுவிட்டது. அங்கே 'சிலோன்காரப் பிள்ளை'. இங்கே வாயைத் திறந்தால் 'இந்தியாக்காரி'.

தப்பித்தவறி ஏ.எல். வரை வந்தால் அடுத்த வேலி. பல்கலைக்கழக அனுமதியில் உங்கட மாவட்டம் எது என்பதை, பரீட்சைக்கு முந்தின மூன்று வருசம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பது தீர்மானிக்குது. மாவட்டம் விட்டு மாவட்டம் போய்ச் சலுகை எடுக்கிறவர்களைத் தடுக்கப் போட்ட விதி அது. விதி நியாயமானதுதான். ஆனால் துரத்தப்பட்டு, பிறகு திரும்பி வந்த பிள்ளை மூன்று வருசக் கணக்கை எங்கே இருந்து எடுக்கும்?

இதற்குச் சில பதில்கள் வழமையாக வரும்.

முதலாவது: "நாடே வங்குரோத்து, காசு எங்கே?" நான் மேலே சொன்னவற்றில் எத்தனைக்குக் காசு வேணும்? பிறப்புப் பதிவுத் தண்டப்பணத்தை நீக்க டொலர் தேவையில்லை. மூன்று வருச விதிக்கு ஒரு விதிவிலக்கு எழுத ஐ.எம்.எப். அனுமதி தேவையில்லை. பாடத்திட்ட இணைப்பு வகுப்புக்கு, வேலையில்லாமல் வீதியில் போராடுகிற எங்கட பட்டதாரிகள் போதும்.

இரண்டாவது: "காணியை முதல் விடுவிக்கட்டும், மிச்சம் தானாக வரும்." வரவில்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுபட்டது. பலாலி வசாவிளான் வீதியை 2025 ஏப்ரலில் திறந்தபோதும், நேரக் கட்டுப்பாடு போட்டுத்தான் திறந்தார்கள். இன்னும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் படையினரிடம். இந்த வேகத்தில் காணி வந்து முடியும்வரை காத்திருந்தால் இன்று பிறக்கிற பிள்ளையும் பேரப்பிள்ளை கண்டுவிடும். காணிக்காகக் காத்திருக்கலாம். பிள்ளையின் பத்து வயது யாருக்காகவும் காத்திருக்காது.

மூன்றாவது எங்கட பக்கத்தில் இருந்து வரும்: "இப்படிப் பேசினால் காணிப் போராட்டம் பலவீனமாகும்." நேர்மாறு. 2013இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல், பெரும்பகுதி யாழ் மாவட்டத்தில், உரிமை கோராவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி விட்டார்கள். மூன்று மாதக் கெடு. உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் பின்வாங்கினார்கள். கேட்க ஆளில்லாத காணியைத்தான் எடுக்க வருகிறார்கள். தமிழ்நாட்டு முகாமில் கடதாசி இல்லாமல் இருக்கிற பிள்ளைதான் அந்தக் காணியின் அடுத்த உரிமையாளர். பிள்ளைக்குப் பிறப்புப் பதிவும் குடியுரிமையும் இல்லையெண்டால், காணியைக் கேட்க நாளைக்கு ஆர் இருப்பது?

2016 ஓகஸ்டில் இடம்பெயர்வுக்கான நிலையான தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. கடதாசியில் அது மோசமான ஆவணம் இல்லை. காணிக்குத் திரும்புவதோடு இடப்பெயர்வு முடிந்துவிடாது என்பதை அதுவே ஒப்புக்கொள்ளுது. பிறகு ஆட்சி மாறியது, கொள்கை அலுமாரிக்குள் போனது. இன்றைய அரசு மாற்றம் பற்றிப் பேசுது. அந்த அலுமாரியைத் திறந்து காட்டட்டும்.

நாங்கள் கேட்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், இடம்பெயர்வில் பிறந்த, திரும்பி வந்த பிள்ளைகளுக்குக் குடும்பக் கோவைக்கு வெளியே தனிப் பதிவு வேணும். குடியுரிமைப் பதிவில் பிந்தினதற்கான தண்டமும் அலைச்சலும் அகதிப் பிள்ளைக்கு இல்லை என்று சட்டத்தில் எழுத வேணும். கடதாசி வந்தால்தான் பள்ளிக்கூடம் என்பதை மாற்றி, பள்ளிக்கூடம் முதல், கடதாசி பிறகு என்று சுற்றறிக்கை வேணும். திரும்பி வந்த பிள்ளைக்கு ஒரு வருச இணைப்பு வகுப்பும், ஓ.எல். பாடத் தெரிவில் சலுகையும், மாவட்ட விதியில் விலக்கும் வேணும். காணியில்லாத குடும்பத்துக்குக் காணி வேணும், ஊரின் ஒதுக்குப்புறத்தில் இல்லாமல், கிணறும் பள்ளிக்கூடமும் கிட்ட இருக்கிற இடத்தில். உதவி ஒரே தடவை கையில் தருகிற 25,000 ரூபாவாக இருக்கக்கூடாது. பிள்ளை பதினெட்டு வயது ஆகும்வரை பிள்ளையின் பெயரில் தொடர வேணும்.

அரசிடம் கேட்டுவிட்டு நாங்கள் கையைக் கழுவ ஏலாது. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள எங்கட பழைய மாணவர் சங்கங்கள் நீச்சல் தடாகத்துக்கும் மூன்று மாடிக் கட்டடத்துக்கும் காசு சேர்க்கின்றன. நல்லது. அதே மதிலுக்குள் ஒரு முகாம் பிள்ளைக்கு, ஒரு திரும்பி வந்த பிள்ளைக்கு எத்தனை இடம் ஒதுக்கினீர்கள் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருத்தர் எழும்பிக் கேளுங்கோ. வலிகாமம் வடக்கில் மீளத் திறந்த சின்னப் பள்ளிக்கூடங்கள் பிள்ளை போதாமல் தள்ளாடுகின்றன. எல்லாரும் பிள்ளையை பஸ் ஏற்றி ரவுணுக்கு அனுப்பினால் ஊர் எப்படித் திரும்பும்?

கடைசியாக ஒன்று. 2017 ஏப்ரலில் காங்கேசன்துறைக் கடலில் ரோகிங்யா அகதிகள் முப்பது பேர் பிடிபட்டார்கள். அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள். அதே வருசம் கல்கிசையில் அவர்கள் தங்கியிருந்த வீட்டைப் பிக்குமார் தலைமையில் ஒரு கும்பல் முற்றுகையிட்டது. காப்பாற்றுகிறோம் என்று பூசா தடுப்பு முகாமுக்கு ஏற்றினார்கள். 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக் கடலில் நூறுக்கும் மேற்பட்டோரோடு இன்னொரு வள்ளம். இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் சேரவில்லை. ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே அரச பள்ளிக்கூடம் ஒரு உரிமை இல்லை. அவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு பரப்புக் காணியும் கிடையாது, கேட்கப்போவதும் இல்லை. எங்கட சனம் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறிய அதே கடலால் வந்தவர்கள் அவர்கள்.

காணி வழியாக மட்டும் பிள்ளையைப் பார்க்கிற எவருக்கும் அந்த வள்ளத்தில் இருந்த பிள்ளைகள் தெரியமாட்டார்கள். கோணப்புலத்துப் பிள்ளையும் தெரியாது, புத்தளத்துப் பிள்ளையும் தெரியாது, மண்டபத்துப் பிள்ளையும் தெரியாது. அடுத்த முறை 'இத்தனை ஏக்கர் விடுவிப்பு' என்ற செய்தி வரும்போது, அதுக்குக் கீழே ஒரு கேள்வியை எழுதுங்கோ: எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பில்? பதில் வரும்வரை எழுதுங்கோ.